விசையின் எடையா? விரலின் உணர்வா?



இவ்வலைப்பதிவில் வழக்கமாக வாசிப்பு, இலக்கணம், கட்டுரைப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று சற்றே விலகிச் செல்கிறேன். பொறுத்தருள்க. இறுதிவரை படித்தால், அதிகம் விலகவில்லை என்பதை நீங்களே உணர்வீர்கள்.

கடந்த மாதம் என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாயார் தொலைப்பேசியில் அழைத்தார். மகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 பயில்கிறாள். புறப்பாட நடவடிக்கையாகக் காற்றுத் துப்பாக்கி சுடுதலைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

"ஐயா, உங்கள் மகனும் இந்த விளையாட்டில் இருந்தவர்தானே? அதனால்தான் கேட்கிறேன். இவளுக்குக் கொடுத்திருக்கும் துப்பாக்கியின் விசை கனமாக இருக்கிறதாம். மற்றப் பிள்ளைகளின் துப்பாக்கி தொட்டாலே சுடுகிறதாம். பயிற்சியாளரிடம் சொல்லி விசையை இலேசாக்கச் சொல்லட்டுமா? இல்லையென்றால், நல்ல விசையாகப் பார்த்து நாங்களே வாங்கித் தரட்டுமா?"

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை நானும் கேட்டேன். பிறர் சொன்ன விடையைக் கேளாமல், எனக்குப் பிடித்த விடையை நானே சொல்லிக்கொண்டேன். அதன் விளைவைச் சுமந்தவன் என் மகன். ஆகவே, இந்தப் பதிவை ஒரு தாயாருக்கு மட்டுமல்லாமல், பிள்ளைகளின் கையில் எந்தக் கருவியையேனும் கொடுக்கும் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

விசை என்பது யாது?

துப்பாக்கியில் சுட்டுவிரல் அழுத்தும் சிறு உறுப்பையே விசை என்கிறோம். மலாய் மொழியில் அதனைப் 'பிச்சு' என்பர். தமிழில் 'குதிரை' என்னும் பழைய பெயரும் உண்டு. கடிவாளம் தளர்ந்தால் ஓடிவிடும் ஒன்றுக்குப் பொருத்தமான பெயர்தான்!

விரல் விசையை அழுத்தும்போது, உள்ளே ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் இரு உலோக விளிம்புகள் மெல்ல விலகுகின்றன. பற்று முற்றிலும் விடுபடும் கணத்தில் குண்டு கிளம்புகிறது. அந்தப் பற்றை விடுவிக்க விரல் தரவேண்டிய அழுத்தத்தையே 'விசையின் எடை' என்கிறார்கள். அதனைக் கிராம் கணக்கில் அளப்பர்.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் குறி அட்டையின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் விட்டமே கொண்டது. எழுதுகோலால் வைத்த புள்ளியைவிடச் சிறியது. அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையிலுள்ள தொலைவு 2.5 மில்லிமீட்டர். ஆண், பெண் இருபாலாரும் 2018ஆம் ஆண்டு முதல் 60 குண்டுகள் சுடுகின்றனர். ஒவ்வொரு குண்டுக்கும் 10.9 வரை பதின்மக் கணக்கில் புள்ளி தரப்படுகிறது. துப்பாக்கியின் எடை 5.5 கிலோகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது விதி.

இப்போது ஒரு சிறு கணக்கு போடுவோம். குறிக்காட்சிகளுக்கு இடையே 80 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் முனை 0.2 மில்லிமீட்டர் விலகினால் போதும். 10 மீட்டருக்கு அப்பால் ஒரு முழு வளையம் போய்விடும். தாளின் தடிமன் இரண்டை அடுக்கிவைத்தாற்போன்ற விலகல் அது!

இந்நிலையில், 5 கிலோகிராம் துப்பாக்கியை அசையாமல் தாங்கும் ஒரு பிள்ளை, விசையை 1.5 கிலோகிராம் அழுத்தத்தோடு இழுக்க வேண்டியிருந்தால் என்னாகும்? கை இறுகும், தோள் அசையும், முனை விலகும். இதனால்தான் போட்டித் துப்பாக்கிகளின் விசையை மிக இலேசாக அமைக்கின்றனர். உயர்நிலைப் போட்டியாளர்கள் பலர் 100 கிராம் அளவிலும் அதற்குக் கீழும் வைத்துக்கொள்கின்றனர். அனைத்துலக விதிகளின்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். 300 மீட்டர் வழக்கநிலைத் துப்பாக்கிக்கு அது 1500 கிராம். ஆனால், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு இத்தகைய கீழெல்லை இல்லை. விரும்பிய அளவு குறைக்கலாம்.

'விரும்பிய அளவு குறைக்கலாம்' என்னும் அந்த விடுதலைதான் பெற்றோரை மயக்குகிறது. என்னையும் மயக்கியது.

நான் செய்த பிழை

என் மகன் அப்போது படிவம் 2இல் படித்துக்கொண்டிருந்தான். கழகத்தின் பழைய துப்பாக்கி ஒன்றைப் பயன்படுத்தினான். அவனுடைய பயிற்சியாளர் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்ப் பெரியவர். புதிய பிள்ளைகளின் துப்பாக்கி விசையை 200 கிராமுக்குச் சற்று மேலாகவே அவர் வைப்பார். வாரந்தோறும் என் மகனின் புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால், நான் எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை.

நான் இணையத்தில் தேடினேன். செருமனி, ஆஸ்திரியா நாடுகளில் செய்யப்படும் துப்பாக்கிகளின் விளக்கங்களைப் படித்தேன். வெற்றியாளர்களின் விசை எத்தனை கிராம் என்று குறித்துக்கொண்டேன். மாநிலப் போட்டிக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், பயிற்சியாளரிடம் சென்று விசையை 100 கிராமுக்குக் கீழே இறக்குமாறு வேண்டினேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "சிக்கு, அவன் விரல் இன்னும் சுவரைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கட்டும். பிறகு நானே இறக்குகிறேன்."

நான் விடவில்லை. மற்ற மாநிலப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசினேன். 'நானும் ஓர் ஆசிரியன்தான்' என்னும் மிடுக்கு வேறு. இறுதியில் அவர் மனமின்றி இறக்கிக் கொடுத்தார்.

போட்டியன்று தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இருபதாவது குண்டுக்கு மேல் அவனுக்கு விரல் வியர்த்தது. துப்பாக்கியை மேலிருந்து மெல்ல இறக்கிக் குறிக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தான். அப்போதே குண்டு கிளம்பிவிட்டது. திரையில் 3 என்று விழுந்தது. அவன் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவன் சுடவில்லை, துப்பாக்கி தானே சுட்டுவிட்டது. அதன்பின் ஒவ்வொரு குண்டுக்கும் விசையைத் தொடவே அஞ்சினான். அஞ்சிய விரல் நடுங்கியது. நடுங்கிய விரல் மேலும் பிழை செய்தது.

வீடு திரும்பும் வழியில் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு மாதங்கள் பயிற்சிக்கே செல்லவில்லை. பயிற்சியாளர் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது.

உலக வீரருக்கும் நேர்ந்தது

சிறுவனுக்கு நேர்ந்த ஒரு தனிப்பிழை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டியை நினைவுகூர்வோம். 50 மீட்டர் மூன்று நிலைத் துப்பாக்கிப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் முன்னணியில் இருந்தார். எஞ்சியிருந்தது ஒரே ஒரு குண்டு. 6.7 புள்ளி எடுத்தாலே தங்கம். அவரைப் போன்ற வீரருக்கு அது மிக எளிய இலக்கு.

துப்பாக்கியைக் குறியை நோக்கி இறக்கிக்கொண்டிருந்தபோது, அவர் விரல் விசையைத் தொட்டுவிட்டது. குண்டு கிளம்பியது. கிடைத்தது 4.4 புள்ளி. தங்கம் சீன வீரருக்குச் சென்றது. எம்மன்ஸ் நான்காம் இடத்திற்கு இறங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்சில், இதே போட்டியில், இறுதிக் குண்டைப் பக்கத்து வீரரின் குறியில் சுட்டுத் தங்கத்தை இழந்தவரும் அவரே. ஆயினும், அவர் விளையாட்டைக் கைவிடவில்லை. 2012இல் இலண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார்.

எம்மன்சின் விசையில் குறை இருந்தது என்று நான் கூறவில்லை. உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர் அவர். ஆயிரமாயிரம் முறை சுட்டுப் பழகிய விரல் அவருடையது. அத்தகைய விரலுக்கே ஒரு கணம் கட்டுப்பாடு நழுவுமெனில், ஓராண்டுகூடப் பழகாத பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விரலுக்கு நாம் எவ்வளவு இடம் விட்டுவைக்க வேண்டும்? இதுவே என் கேள்வி.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

என் மகன் மீண்டும் பயிற்சிக்குச் சென்றபோது, பயிற்சியாளரின் அருகில் அமர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். அவர் சொல்லித் தந்தவற்றை என் மொழியில் தருகிறேன்.

1. இருநிலை விசையா என்று பாருங்கள்.

ஒருநிலை விசையில், தொட்டவுடன் எதிர்ப்பு. எதிர்ப்பைத் தாண்டினால் குண்டு. இருநிலை விசையில் விரல் முதலில் ஒரு மெல்லிய தடையைத் தள்ளிக்கொண்டு சிறிது தொலைவு செல்லும். பிறகு ஓரிடத்தில் தெளிவாக நிற்கும். அந்த இடத்தைத்தான் 'சுவர்' என்கிறார்கள். அங்கே நின்று, குறியைச் சரிபார்த்து, மேலும் ஒரு சிறு அழுத்தம் தந்தால் குண்டு கிளம்பும். கற்கும் பிள்ளைக்கு இருநிலை விசையே ஏற்றது. 'நீ வாசலுக்கு வந்துவிட்டாய்' என்று அது சொல்லிவிடுகிறது.

2. சுவர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மொத்த எடையைப் போலவே அது இரண்டு நிலைகளுக்கும் எவ்வாறு பகிரப்பட்டுள்ளது என்பதும் முக்கியம். எடுத்துக்காட்டாக, மொத்தம் 120 கிராம் என்று கொள்வோம். முதல்நிலைக்கு 80, இரண்டாம் நிலைக்கு 40 என்றால் விரலுக்குச் சுவர் தெரியும். முதல்நிலைக்கு 110, இரண்டாம் நிலைக்கு 10 என்றால் சுவர் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். விரல் அதைக் கடந்த பிறகே பிள்ளைக்குத் தெரியவரும். என் மகனுக்கு நேர்ந்தது இதுதான்.

3. விரலுக்கு எட்டும் இடத்தில் விசை இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல போட்டித் துப்பாக்கிகளில் விரல் தொடும் நாக்குப் பகுதியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். சிலவற்றில் பக்கவாட்டிலும் சாய்க்கலாம். சுட்டுவிரலின் முதற்கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி நாக்கின்மீது படிய வேண்டும். விரல் நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். விரலின் பக்கம் கட்டையில் உரசக்கூடாது. பெரியவர்களுக்காக வைத்த நாக்கைச் சிறுகைப் பிள்ளை எட்டிப் பிடிக்கும்போது, விரல் நுனி மட்டுமே பட்டு, துப்பாக்கி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. 'விசை கனம்' என்று பிள்ளை சொல்வதற்குப் பல வேளைகளில் உண்மைக் காரணம் இதுவே. ஒரு திருகைத் தளர்த்தி நாக்கை நகர்த்தினால் தீர்ந்துவிடும் குறைக்கு, நாம் புது விசை தேடி அலைகிறோம்!

4. குண்டு கிளம்பிய பின் விசை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

பற்று விடுபட்டபின் நாக்கு மேலும் பின்னோக்கிச் சென்று முட்டினால், அந்த அதிர்வு துப்பாக்கிக்குப் பரவும். காற்றுத் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. குழலைவிட்டு வெளியேற அதற்குச் சில ஆயிரத்திலொரு பங்கு நொடிகள் ஆகும். அதற்குள் அதிர்வு அதனைத் திசைதிருப்பிவிடும். இதனைத் தடுக்கவே தடுப்புத் திருகு உள்ளது.

5. என்றும் ஒரேபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எடைமானியால் பத்து முறை அளந்தால் பத்து முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேண்டும். இன்று 120, நாளை 160 என்று மாறும் விசையை எந்த விரலும் கற்க முடியாது. என்றும் மாறாத 200 கிராம் விசை, நாளுக்கு நாள் மாறும் 80 கிராம் விசையைவிட மேலானது. மின்னணு விசைகளும் இப்போது உள்ளன. அவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

6. எடையை இறுதியில் பாருங்கள்.

மேற்கூறிய ஐந்தும் சரியான பிறகே எடையைக் குறைக்கும் பேச்சுக்கு இடமுண்டு. அதையும் படிப்படியாகச் செய்தல் வேண்டும். உள்ளிருக்கும் பற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால், துப்பாக்கி சற்று அதிர்ந்தாலே சுட்டுவிடும் இடர் உண்டு. எனவே, திருகுகளைத் தொடும் உரிமை பயிற்சியாளருக்கு மட்டுமே. பெற்றோர் கை வைத்தல் ஆகாது.

எடையைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டதா என்பதை அறிய எங்கள் பயிற்சியாளர் ஓர் எளிய சோதனை வைத்திருந்தார். சுடுதளத்தில், குண்டில்லாத துப்பாக்கியைக் குறியை நோக்கித் தாங்கியில் வைப்பார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்த வேண்டும். சுவரைத் தொட்டவுடன் 'இங்கே' என்று சொல்லி நிற்க வேண்டும். பத்துக்கு எட்டு முறையாவது சரியாக நின்றால், சிறிது எடையைக் குறைப்பார். நிற்காவிட்டால் அடுத்த மாதம் பார்ப்பார். மாநிலப் போட்டிக்கு முன்பு இந்தச் சோதனையை என் மகன் செய்திருந்தால், பத்துக்கு மூன்று தேறியிருக்கமாட்டான்.

வாங்கித் தரலாமா?

வாங்கும் எண்ணமுள்ள பெற்றோருக்கு ஒரு சொல். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். ஆகவே, முழுத் துப்பாக்கியாயினும் அதன் உறுப்பாயினும் கழகத்தின் வழியே கேட்டறிந்து செயல்படுங்கள். இணையத்தில் கண்டதை விலைக்கு வாங்க முற்படாதீர்கள். அந்தப் பணத்தைப் பயிற்சிக்கும், பொருத்தமான மேலங்கிக்கும், காலணிக்கும் செலவிட்டால் பிள்ளைக்கு நன்மை மிகும்.

'இது நம் பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டுத்தானா?' என்று தயங்குவோரும் உண்டு. ஐயமே வேண்டா. இவ்விளையாட்டு உடல்வலிமையைவிட அமைதியையே மிகுதியாக வேண்டி நிற்கிறது. நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கருவைச் சுமந்தபடி 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பங்கேற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அத்தனை அழகிய தமிழ்ப்பெயர் உலக அரங்கில் ஒலித்ததைக் கேட்டு ஒரு தமிழாசிரியன் மகிழாமல் இருக்க முடியுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

முதலாம் ஆண்டு மாணவனின் கையில் நாம் ஏன் பென்சிலைக் கொடுக்கிறோம்? பேனா இன்னும் இலேசாக ஓடுமே! அழித்துத் திருத்தலாம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில் எனக்கு விளக்கினார்கள். பென்சில் தாளில் சற்று உராய்கிறது. அந்த உராய்வு, 'நீ எங்கே இருக்கிறாய்' என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வழுக்கி ஓடும் பேனாவை அன்றே கொடுத்தால், 'அ'வின் சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் அறியாது. எழுத்து விரைவாக வரும். ஆனால், எழுத்தாக வராது.

இதனை வகுப்பில் இருபது ஆண்டுகளாகச் செய்துவரும் நான், சுடுதளத்தில் மறந்தேன். பிள்ளைக்குத் தடையே இருக்கக்கூடாது என்று எண்ணினேன். நீக்க வேண்டிய தடையும் உண்டு. கற்றுத் தரும் தடையும் உண்டு. விரலுக்கு எட்டாத நாக்கு நீக்க வேண்டிய தடை. சுவர் கற்றுத் தரும் தடை. இரண்டையும் பிரித்தறிவதே பெற்றோர், ஆசிரியர் கடமை எனக் கருதுகிறேன்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன விடை

மறுநாள் நானே அவரை அழைத்தேன். "அம்மா, விசையை மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் மகளின் விரல் நாக்கில் எங்கே படுகிறது என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு சுவரைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று மகளிடமே கேளுங்கள். அவள் 'முடிகிறது' என்று சொல்லும் நாளில் எடையைப் பற்றிப் பயிற்சியாளரே பேசுவார்" என்றேன்.

"போட்டி அடுத்த மாதம் வருகிறதே, ஐயா" என்றார்.

"அடுத்த ஆண்டும் வரும், அம்மா" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றார். மனநிறைவோடு சொன்னாரா என்று என்னால் கூற இயலாது. அவருடைய இடத்தில் அன்று நான் இருந்தபோது, எனக்கும் மனம் நிறையவில்லை.

என் மகன் பிறகு மூன்று ஆண்டுகள் சுட்டான். பதக்கங்கள் அதிகம் பெறவில்லை. எசுபிஎம் தேர்வு ஆண்டில், அவனுடைய விசையின் எடை 110 கிராமாக இருந்தது. அதனை இறக்கச் சொன்னவன் நான் அல்லன். அவனே பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டான். அதன் பின்னர் ஒரு முறைகூட அவன் நினையாத நேரத்தில் குண்டு கிளம்பியதில்லை.

உங்கள் பிள்ளைகளின் கையில் நீங்கள் கொடுத்த கருவிகளில் எது காலத்திற்கு முந்தியது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கருத்திருந்தால் எழுதுங்கள், படித்துப் பயன்பெறக் காத்திருக்கிறேன்.